எச்பிவி பாசிட்டிவ்: யார் கொடுத்தது, எப்போது வந்தது?

தேவகோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு தங்கை கேட்டிருந்தார். வயது 36, கல்யாணமாகி 13 வருடம். கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார், வருடத்துக்கு ஒரு மாதம் வந்து போவார். ஊரில் நடந்த முகாமில் கர்ப்பப்பை வாயிலிருந்து மாதிரி எடுத்திருக்கிறார்கள். "எச்பிவி பாசிட்டிவ், 16, 18 அல்லாத அபாய வகை" என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. எச்பிவி என்பது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைக் கொண்டுவரக்கூடிய வைரஸ், 16, 18 என்பவை அதன் வகை எண்கள். கர்ப்பப்பை வாயில் வினிகர் தடவி, மாற்றம் ஏதும் உண்டா என்று பார்த்ததில் ஒன்றும் தெரியவில்லை. "என் வாழ்க்கையில் அவரைத் தவிர வேறு யாரும் கிடையாது. அப்படியென்றால் அவர்தானே கொடுத்தார்? இப்போது அங்கே யாரோடாவது பழக்கமா? மாமியார், பிள்ளைகள் எல்லாரும் ஒரே பாத்ரூமைப் புழங்குகிறோம், அவர்களுக்கும் வருமா?" இதுதான் கேள்வி.

காரைக்குடியில் நான் பெண்கள் மருத்துவம் பார்க்க ஆரம்பித்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இதே கேள்வி என் மேஜைக்கு எதிரே பல முறை வந்து உட்கார்ந்திருக்கிறது. கேட்பவர்கள் வாயில் நோயின் பெயர் இருக்கும், மனசில் ஆள்தான் இருப்பார். அதனால் ஆளிலிருந்தே தொடங்குகிறேன்.

நம்ம ஊர்ப் பெரிய வீடு ஒன்றின் முகப்பில் ஒரு ஜோடி செருப்பு கிடக்கிறது என்று வையுங்கள். உள்ளே வளவில் யாரோ இருக்கிறார் என்பது தெரிகிறது. அவர் காலையில் வந்தாரா, போன வாரமே வந்து தங்கிவிட்டாரா, யார் கூட்டி வந்தார்கள் என்பதையெல்லாம் செருப்பைப் பார்த்துச் சொல்ல முடியுமா? எச்பிவி பரிசோதனை செருப்பைத்தான் காட்டுகிறது. இன்றைக்கு, இந்த இடத்தில், இந்த வகை வைரஸ் இருக்கிறது. அதற்கு மேல் ஒரு தகவலும் அதில் இல்லை. நுழைந்த தேதியைச் சொல்லும் பரிசோதனை உலகத்தில் எங்கேயும் கிடையாது, எவ்வளவு பணம் கொடுத்தாலும் கிடைக்காது.

இந்த வைரஸ் உடம்பில் பல வருடம் சத்தமில்லாமல் கிடக்கும். பரிசோதனையில் பிடிபடாத அளவுக்குக் குறைந்துபோய், எதிர்ப்பு சக்தி தளரும்போது மறுபடி தலைகாட்டுவதும் உண்டு. நீங்கள் இதுவரை இந்தப் பரிசோதனையே செய்ததில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இது போன மாதம் வந்ததா, கல்யாணமான புதிதில் வந்து இப்போதுதான் கண்ணில் பட்டதா என்று பிரித்துப் பார்க்க வழியே இல்லை. முன்னால் ஒரு முறை நெகட்டிவ் என்று வந்து இப்போது பாசிட்டிவ் ஆகியிருந்தால்கூடப் புதிதாக வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது.

சரி, மறைக்காமல் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சில மருத்துவர்கள் குடும்பத்தில் சண்டை வரக் கூடாது என்று "இது எங்கிருந்து வேண்டுமானாலும் வரும்மா, தண்ணியிலகூட வரும்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் உண்மையில்லை. இந்த வகை வைரஸ் பெரும்பாலும் ஒரு மனிதரின் தோலிலிருந்து இன்னொரு மனிதரின் தோலுக்கு, உடலுறவு நேரத்துத் தொடுதலில்தான் வருகிறது. உங்களுக்கு அவரைத் தவிர யாருமில்லை என்றால் அவர் வழியாக வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் "அவர் வழியாக வந்தது" என்பதும் "அவர் இப்போது துரோகம் செய்கிறார்" என்பதும் வேறு வேறு. கல்யாணத்துக்கு முன்னால், இருபத்தைந்து வயதில், ஒரே ஒரு தடவை நடந்த ஒன்றிலிருந்தும் இது அவரிடம் ஒட்டியிருக்கலாம். அவருக்கு ஒரு அறிகுறியும் இருந்திருக்காது. தன்னிடம் இருக்கிறது என்றே தெரியாமல் உங்களுக்குத் தந்திருப்பார். அண்மையில் வந்ததாகவும் இருக்கலாம். எது என்பதை ரிப்போர்ட் சொல்லாது. அதை வைத்து அவரைக் குற்றவாளி ஆக்கவும் முடியாது, நிரபராதி ஆக்கவும் முடியாது. அவரைப் பற்றி உங்களுக்கு வேறு காரணத்தால் சந்தேகம் இருந்தால் அதைத் தனியாகப் பேசுங்கள். இந்தக் காகிதத்தைச் சாட்சிக் கூண்டில் ஏற்றாதீர்கள்.

இதைத் திருப்பியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு வருத்தம் தருவது அந்தப் பக்கம்தான். ரிப்போர்ட் வருவது எப்போதும் பெண்ணுக்கு. ஆணுக்கு இந்தப் பரிசோதனை நடைமுறையில் இல்லை. அதனால் வீட்டில் "உனக்கு எப்படி வந்தது?" என்ற கேள்வி முதலில் அவள் மேல்தான் விழும். பாதி வாழ்க்கை வெளிநாட்டிலேயே கழித்துவிட்டு வந்த ஒருவர், மனைவியின் ரிப்போர்ட்டை என் மேஜை மேல் போட்டு "நான் இல்லாதப்ப என்ன நடந்துச்சுன்னு கேளுங்க டாக்டர்" என்றார். அந்த அம்மா தலையைக் குனிந்து சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டே இருந்தார். நான் அந்தக் கணவரிடம் இதே செருப்புக் கதையைச் சொன்னேன். பாதிதான் நம்பினார்.

இந்தச் சீமைக்குப் பிரிவு ஒன்றும் புதிதில்லை. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் இலங்கைக்கும் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்ய, போனவர்கள் மூன்று வருடக் கணக்கில் ஒப்பந்தம் போட்டுப் போவார்கள், ஆச்சிமார்கள் ஐம்பது அறை வீட்டைத் தனியாக ஆள்வார்கள். இன்றைக்கு சிங்கப்பூரும் துபாயும். தினமும் வீடியோ காலில் முகம் பார்த்தாலும் பிரிவு சந்தேகத்துக்கு நல்ல உரம். அதில் ஒரு ரிப்போர்ட் வந்து விழுந்தால் என்ன ஆகும் என்பது எனக்கும் தெரியும்.

இனி பரவும் விதத்துக்கு வருகிறேன். அது புரிந்தால் பாத்ரூம், துண்டு, குழந்தை என்கிற பயமெல்லாம் தானாகவே அடங்கும்.

முதலில் பெயர்க் குழப்பம். எச்பிவி வேறு, எச்ஐவி வேறு. ஓரெழுத்து வித்தியாசத்தில் ஒரு வீட்டில் மருமகளுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்துவிட்டார்கள். எச்ஐவி இருந்தாலும் தட்டைப் பிரிக்கத் தேவையில்லை என்பது வேறு விஷயம். எச்ஐவி இரத்தத்திலும் விந்திலும் உடல் திரவங்களிலும் இருக்கிறது. எச்பிவி இரத்தத்தில் சுற்றி வருவதில்லை. தோலின் மேல் அடுக்குகளிலும், பிறப்புறுப்பு, ஆசனவாய், வாய், தொண்டை ஆகியவற்றின் மெல்லிய உள்தோலிலும் மட்டும் குடியிருக்கும். அதனால்தான் இரத்தப் பரிசோதனையில் எச்பிவி தெரியாது, இரத்தம் ஏற்றினாலும் வராது. "முழு உடல் பரிசோதனை எடுத்தேன், எல்லாம் நார்மல்" என்று சொல்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். அந்தப் பேக்கேஜில் கர்ப்பப்பை வாய் மாதிரி எடுக்காவிட்டால் எச்பிவி பற்றி அது ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

எச்பிவி என்பது ஒரே வைரஸ் இல்லை, 200க்கும் மேற்பட்ட வகைகள் கொண்ட பெரிய குடும்பம். கையிலும் பாதத்திலும் வரும் மரு அந்தக் குடும்பத்தின் வேலைதான், ஆனால் வேறு வகைகள். பிறப்புறுப்புப் பகுதியைத் தாக்குபவை ஏறத்தாழ 40. அவற்றில் 6, 11 என்ற இரண்டும் பிறப்புறுப்பு மருக்களில் பத்தில் ஒன்பதுக்குக் காரணம். பார்க்கப் பயமாக இருக்கும், புற்றுநோயாக அநேகமாக மாறாது. ஒரு டஜனுக்குச் சற்றுக் கூடுதலானவை புற்றுநோய் அபாயம் உள்ளவை. 16, 18 இரண்டும் மட்டும் உலகத்தில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் 70 சதவீதத்துக்குப் பொறுப்பு. உங்கள் ரிப்போர்ட்டில் அந்த இரண்டும் இல்லை என்பது நல்ல செய்தி.

வைரஸ் எப்படி நுழைகிறது? நம்ம பழைய வீட்டுச் சுவரைப் பார்த்திருப்பீர்கள். செங்கலுக்கு மேல் சுண்ணாம்புப் பூச்சு அடுக்கடுக்காக, கடைசியில் முட்டை வெள்ளைக்கரு கலந்து தேய்த்த பளபளப்பு. நூறு வருடமானாலும் தொட்டால் வழுவழுவென்று இருக்கும். நம் தோலும் அடுக்குச் சுவர்தான். எச்பிவிக்கு மேல் பூச்சில் வேலையில்லை, அடியில் உள்ள செங்கலை, அதாவது புது அணுக்கள் பிறக்கும் அடி அடுக்கை எட்ட வேண்டும். அதற்கு ஒரு கீறல் போதும். உடலுறவின் உராய்வில் கண்ணுக்குத் தெரியாத நுண்கீறல்கள் எல்லாருக்கும் ஏற்படும், வலிகூட இருக்காது. அந்த வழியாக அடி அடுக்கை எட்டி அங்கே உட்கார்ந்துகொள்கிறது. அணுக்கள் முதிர்ந்து மேலே ஏற ஏற வைரஸும் கூடவே ஏறிப் பெருகி, உதிரும் தோல் துகள்களோடு வெளியே வருகிறது. அந்தத் துகள் அடுத்தவரின் கீறலில் படுவதுதான் பரவல்.

இந்த வைரஸுக்கு இரண்டு சாமர்த்தியம். அணுவை வெடிக்க வைத்துக்கொண்டு வெளியே வராததால் வீக்கமோ காய்ச்சலோ அரிப்போ வராது. இரத்தத்துக்குள் போகாததால் எதிர்ப்பு சக்தியின் கண்ணில் படவும் நாளாகும். இதனால்தான் கொடுப்பவருக்கும் தெரிவதில்லை, வாங்குபவருக்கும் தெரிவதில்லை. வெள்ளைப்படுதல் இருந்தால் எச்பிவி என்று நினைத்துப் பயப்படுபவர்கள் உண்டு. வெள்ளைப்படுதலுக்குப் பெரும்பாலும் காரணம் வேறு.

கர்ப்பப்பை வாயில் ஒரு விசேஷம் இருக்கிறது. வெளிப்பக்கத்துத் தடித்த பல அடுக்குத் தோலும் உள்பக்கத்து ஒற்றை அடுக்குத் தோலும் சந்திக்கும் ஓர் எல்லை அங்கே உண்டு. இரண்டு பூச்சு சேரும் இடத்தில்தானே சுவர் முதலில் விரியும்? அந்த எல்லையில் அடி அடுக்கு வைரஸுக்கு எளிதாகக் கிடைக்கிறது. புற்றுநோய் பெரும்பாலும் அந்த இடத்திலேயே தொடங்குகிறது, மாதிரி எடுப்பதும் அங்கிருந்துதான். பதின்ம வயதில் அந்த எல்லை கூடுதலாக வெளியே தெரியும். சின்ன வயதிலேயே உடலுறவு தொடங்கும் பெண்களுக்கு அபாயம் கூடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

உறுப்பு உள்ளே போனால்தான் பரவும் என்பதில்லை. வெளியே உறுப்போடு உறுப்பு உரசினாலும் பரவலாம். வாய்வழி உறவில் தொண்டைக்கும், ஆசனவாய் உறவில் அங்கும் போகும். பெண்ணும் பெண்ணும், ஆணும் ஆணும் உறவு கொள்ளும்போதும் பரவும். விரலில் வைரஸ் ஒட்டியிருப்பதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆனால் மாண்ட்ரியாலில் ஜோடிகளைத் தொடர்ந்து பரிசோதித்தபோது, விரல் வழியாக மட்டும் பரவுவதற்கான ஆதாரம் பெரிதாகக் கிடைக்கவில்லை. அதே ஆய்வில் உறவு தொடங்கி ஆறு மாதம்கூட ஆகாத இளம் ஜோடிகளைப் பார்த்தார்கள். நூற்றுக்கு நாற்பது ஜோடிகளில் இருவரிடமும் ஒரே வகை இருந்தது. அவ்வளவு சுலபமாகப் பரவுகிறது. தடுப்பூசி போடாதவர்களில் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது இது வந்து போயிருக்கும். பத்துப் பேருக்கு எட்டுப் பேர் என்று சொன்னாலும் மிகையில்லை.

அப்படியானால் நம்ம ஊரில் ஒருவனுக்கு ஒருத்தி என்று வாழும் பெண்களுக்கு ஏன் வருகிறது என்று கேட்பீர்கள். ஒரு பெண்ணின் அபாயத்தை அவளுடைய துணைகளின் எண்ணிக்கை மட்டும் தீர்மானிப்பதில்லை. அவளுடைய துணைக்கு எத்தனை துணைகள் இருந்தார்கள் என்பதும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. அவருக்கு முன்பு ஒரே ஒருத்தி இருந்திருந்தாலும், அந்த ஒருத்திக்கு ஒருவன் இருந்திருக்கலாம். நம் நாட்டில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயோடு வரும் பெண்களில் பெரும்பாலோர் கணவனைத் தவிர யாரையும் அறியாதவர்கள். இந்தியாவில் ஆண்டுக்கு 1,20,000க்கும் மேற்பட்ட பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் வருகிறது, 75,000க்கும் மேல் இறக்கிறார்கள். இவ்வளவு பேரையும் "நடத்தை" என்ற ஒரு சொல்லில் அடைப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

இதில் ஒரு பழைய கதை உண்டு. 1842இல் இத்தாலியில் ரிகோனி-ஸ்டெர்ன் என்ற மருத்துவர் வெரோனா நகரத்து மரணப் பதிவுகளைப் புரட்டிப் பார்த்தார். கர்ப்பப்பைப் புற்றுநோய் கல்யாணமான பெண்களுக்கு அதிகமாகவும் கன்னியாஸ்திரிகளுக்கு மிகக் குறைவாகவும் இருந்தது. காரணம் என்ன என்று தெரிய இன்னும் 140 வருடம் ஆயிற்று. ஜெர்மனியில் ஹரால்ட் சூர் ஹவுசன் 1983இல் 16ஆம் வகையையும் அடுத்த வருடம் 18ஆம் வகையையும் புற்றுத் திசுக்களில் கண்டுபிடித்தார். அதற்கு முன் எல்லாரும் ஹெர்பீஸ் வைரஸைத்தான் சந்தேகித்துக்கொண்டிருந்தார்கள். 2008இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இப்போது உங்கள் வீட்டுப் பாத்ரூம். இந்த வைரஸுக்கு மேலே கொழுப்பு உறை கிடையாது, அதனால் வெளியே கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். கழிப்பறை இருக்கை, துணி போன்றவற்றில் அதன் மரபணு கிடைத்திருக்கிறது. ஆனால் மரபணு கிடைப்பது வேறு, அங்கிருந்து ஒருவருக்குத் தொற்றுவது வேறு. அப்படித்தான் கர்ப்பப்பை வாய்க்கு வந்தது என்று நிரூபித்தவர் யாரும் இல்லை. ஊருணியில் குளிப்பது, ஒரே சோப்பு, ஒரே தட்டு, மாமியார் மடித்து வைத்த துணி, இவற்றுக்கெல்லாம் பயப்பட வேண்டாம். பிள்ளைகளைக் கட்டிப் பிடித்துத் தூங்குங்கள். துண்டைத் தனியாக வைப்பது பொதுச் சுத்தத்துக்கு நல்லது, அவ்வளவுதான். பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தையின் தொண்டைக்குப் போவது உண்டு, மிக அரிது. அதற்காக சிசேரியன் செய்யத் தேவையில்லை.

ஆணுறையைப் பற்றியும் கேட்பீர்கள். அது மூடும் தோலை மட்டும் காக்கும். விரைப்பை, தொடை இடுக்கு, பெண்ணின் வெளி உதடுகள் திறந்துதான் இருக்கின்றன. அதனால் முழுப் பாதுகாப்பு கிடையாது. பயனில்லை என்றும் சொல்லக் கூடாது. அமெரிக்காவில் பல்கலைக்கழக மாணவிகளைத் தொடர்ந்து கவனித்து 2006இல் வெளியான ஆய்வில், ஒவ்வொரு முறையும் ஆணுறை போட்டவர்களின் துணைகளுக்குப் புதிய தொற்று சுமார் 70 சதவீதம் குறைவு. "அப்பப்ப" போட்டவர்களுக்கு அந்த அளவு பலன் இல்லை.

நீங்கள் இருவரும் 13 வருடம் சேர்ந்து வாழ்ந்தவர்கள். உங்களிடம் இருக்கும் வகை அவரிடமும் இப்போது இருக்கலாம், முன்பே வந்து போயிருக்கலாம். அதனால் இனி தொடவே கூடாது என்று விலக வேண்டிய அவசியமில்லை. அவர் விடுமுறைக்கு வரும் ஒரு மாதத்தை இந்தப் பயத்துக்குப் பலி கொடுக்காதீர்கள். விரும்பினால் வைரஸ் போகும்வரை ஆணுறை போடலாம். நெதர்லாந்தில் தம்பதிகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், ஆணுறை போட்ட தம்பதிகளில் பெண்களின் கர்ப்பப்பை வாய் மாற்றங்கள் விரைவாகச் சரியாகியிருக்கின்றன. கட்டாயம் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை.

அவருக்கு என்ன பரிசோதனை? ஆண்களுக்கு நம்பகமான, அங்கீகரிக்கப்பட்ட எச்பிவி பரிசோதனை இல்லை. "ஆண்களுக்கான எச்பிவி டெஸ்ட்" என்று விளம்பரம் பார்த்து யாராவது காசைக் கட்டினால் அந்த முடிவை வைத்து என்ன செய்வது என்று எனக்கே தெரியாது. ஆறாத புண், மரு, கட்டி ஏதாவது தெரிந்தால் மருத்துவரிடம் காட்டட்டும். பீடி, சிகரெட் இருந்தால் விடட்டும், அவருக்கும் நல்லது, வீட்டுக்கும் நல்லது. ஆண்களுக்கும் இது ஆண்குறி, ஆசனவாய், தொண்டைப் புற்றுநோயைக் கொண்டுவரலாம். பெண்களைவிடக் குறைவு, அதனால் பேச்சிலேயே வருவதில்லை.

உங்கள் உடம்புக்கு வருவோம், ஏனென்றால் ஆளைத் தேடும் அவசரத்தில் இதுதான் விட்டுப்போகிறது. பத்துப் பேருக்கு வந்தால் சுமார் ஒன்பது பேருக்கு இரண்டு வருடத்துக்குள் உடம்பே துரத்திவிடும். மருந்து மாத்திரை கிடையாது, தேவையும் இல்லை. வைரஸைக் கொல்லும் கஷாயம் என்று ஊரில் ஒருவர் விற்கிறாராம், வாங்காதீர்கள். இரண்டு வருடத்துக்குள் போகிற தொற்றுக்கு எந்தக் கஷாயம் கொடுத்தாலும் பத்துக்கு ஒன்பது "குணமாகும்". மீதமுள்ள சிலரிடம் அது நீடித்துத் தங்குவதுதான் பிரச்சினை. தங்கினாலும் புற்றுநோயாக மாறப் பொதுவாக 15 முதல் 20 வருடம் பிடிக்கும். எதிர்ப்பு சக்தி மிகவும் குறைந்தவர்களுக்கு 5 முதல் 10 வருடத்தில் ஆகலாம். அந்த நீண்ட இடைவெளிதான் நமக்குக் கிடைத்த அவகாசம். முன்மாற்றம், அதாவது புற்றுநோய்க்கு முந்தைய அணு மாற்றம், தெரிந்தால் சூடு கொடுத்தோ, மின்கம்பி வளையத்தால் அந்த இடத்தை மட்டும் எடுத்தோ சரி செய்துவிடலாம். கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதில்லை. எச்பிவி பாசிட்டிவ் என்ற ஒரே காரணத்துக்கு கர்ப்பப்பையை எடுக்கச் சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள், இரண்டாவது கருத்து கேளுங்கள்.

16, 18 அல்லாத வகை, வினிகர் பரிசோதனை இயல்பு என்பதால் உங்களுக்கு இப்போது சிகிச்சை எதுவும் தேவையில்லை. உங்கள் மருத்துவர் சொல்லும் இடைவெளியில், ஒரு வருடத்திலிருந்து இரண்டு வருடத்துக்குள், மறுபடி எச்பிவி பரிசோதனை செய்யுங்கள். அப்போதும் இருந்தால் கால்போஸ்கோப் என்ற பெரிதாக்கிக் காட்டும் கருவியில் பார்ப்பார்கள். இடையில் உறவுக்குப் பின் இரத்தக் கசிவு, தீட்டு இல்லாத நாளில் இரத்தம், நாற்றத்தோடு நீர் வடிதல் இருந்தால் தேதிக்குக் காத்திருக்காமல் வாருங்கள்.

வினிகரைச் சிலர் ஏளனமாகப் பேசுவதால் ஒரு தகவல். நம்ம பக்கத்து திண்டுக்கல் மாவட்டத்தில் 2000இல் ஓர் ஆய்வு தொடங்கினார்கள். 30 முதல் 59 வயதுள்ள சுமார் 49,000 பெண்களைப் பரிசோதனைக்கு அழைத்தார்கள், பயிற்சி பெற்ற செவிலியர்களே அசிட்டிக் அமிலம், அதாவது வினிகரில் இருக்கும் அமிலம், தடவிப் பார்த்தார்கள். 2007இல் முடிவு வெளியானபோது அந்தப் பெண்களிடையே புற்றுநோய் 25 சதவீதமும் அதனால் மரணம் 35 சதவீதமும் குறைந்திருந்தது. உலகம் முழுக்க மேற்கோள் காட்டுகிற ஆய்வு அது. நம்ம சனங்களுக்குத்தான் தெரியாது. எச்பிவி பரிசோதனை அதைவிடக் கூர்மையானது. மாதிரியை வெட்கப்படுபவர்கள் தாங்களே எடுத்துக் கொடுக்கவும் முடியும்.

உங்களுக்கு 11 வயதில் மகள் இருக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் ரிப்போர்ட்டைவிட அது எனக்கு முக்கியமாகப் படுகிறது. தடுப்பூசிக்கு மிகச் சரியான வயது 9 முதல் 14, வைரஸைச் சந்திப்பதற்கு முன்னால். "இந்த வயசுல இந்த ஊசியா, பிள்ளை கெட்டுப்போகாதா" என்று அப்பத்தாக்கள் கேட்பார்கள். மஞ்சள் காமாலைத் தடுப்பூசியைப் பிறந்த அன்றைக்கே போடுகிறோம், அதுவும் உறவால் பரவும் வைரஸ்தான், யாரும் ஒன்றும் கேட்பதில்லையே. புனே சீரம் நிறுவனத்தின் செர்வாவாக் 2023 ஜனவரியில் வெளிவந்தது. 6, 11, 16, 18 நான்கையும் தடுக்கும். 15 வயதுக்குள் இரண்டு தவணை, அதற்கு மேல் மூன்று. ஒரு தவணையே போதுமான பாதுகாப்பைத் தரும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் ஏற்றுக்கொண்டது. 2025 தமிழக பட்ஜெட்டில் 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்குப் படிப்படியாக இலவசமாகப் போடுவதாக அறிவித்தார்கள். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். மகன் இருந்தால் அவனுக்கும் 9 வயதிலிருந்து போடலாம். உங்களிடம் ஏற்கனவே உள்ள வைரஸை இந்த ஊசி விரட்டாது, அந்த நம்பிக்கையில் உங்களுக்குப் போட்டுக்கொள்ள வேண்டாம்.

கணவரிடம் எப்படிச் சொல்வது என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். வேலை முடிந்து அலுப்போடு இருக்கும்போது வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட்டைப் படம் பிடித்து அனுப்பி "இது என்ன?" என்று கேட்காதீர்கள். அவர் அதைக் கூகுளில் போட்டுப் பார்த்துவிட்டு, உங்களைச் சந்தேகிப்பதா தன்னைச் சந்தேகிப்பதா என்று தெரியாமல் தவிப்பார். ஞாயிற்றுக்கிழமை அவர் அறையில் தனியாக இருக்கும்போது, "பரிசோதனையில் ரொம்ப சாதாரணமாக எல்லாருக்கும் வரும் ஒரு வைரஸ் தெரிந்திருக்கிறது, எப்போது வந்தது என்று யாராலும் சொல்ல முடியாதாம், அடுத்த வருடம் மறுபடி பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள், பாப்பாவுக்கு ஊசி போட வேண்டும்" என்று இந்த வரிசையிலேயே சொல்லுங்கள். அவர் விடுமுறையில் வரும்போது இருவரும் சேர்ந்து வந்தால் நானே விளக்குகிறேன். ரிப்போர்ட்டை பீரோவில் பத்திரமாக வையுங்கள். பாசிட்டிவ் என்ற சொல்லுக்குக் கீழே எந்த வகை என்று போட்டிருக்கும் வரி இருக்கிறதே, அடுத்த முறை எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.